மசாலாவுக்கு அடியில் தேயிலை இருக்கிறதா? இலையுதிர்காலத்தில் மணமூட்டிய பிளாக் டீயை ருசி பார்க்க முழுமையான வழிகாட்டி

மசாலா சேர்த்த தேயிலை டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது பட்டையும் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும்தான். தேயிலையின் வாசனை கடைசியாகத்தான் வரும். சில டப்பாக்களில் வரவே வராது. "அடடா, என்ன மணம்!" என்று சொல்லிக் குடித்து முடித்தால் அதிலும் தப்பில்லை. ஆனால் ருசி பார்ப்பது என்று உட்கார்ந்துவிட்டால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இத்தனை மணத்துக்கும் அடியில் குடிக்கத் தகுந்த தேயிலை இருக்கிறதா, இல்லை, சுமாரான தேயிலைக்குப் போர்த்திய போர்வையா இது? கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான்.

இலையுதிர்காலம் இதற்குத் தோதான பருவம். வெளியே குளிர் ஏற ஏற, சூடாகவும் காரமாகவும் எதையாவது குடிக்க மனம் தேடும். ஆனால் அதே குளிர் தொல்லையும் தரும். கோப்பை சீக்கிரம் ஆறிவிடும், குளிர்ந்த அறையில் உலர்ந்த இலை மணமே காட்டாது, மூக்கு அடைத்துக்கொள்ளும். ஜலதோஷம் இருக்கும் நாளில் டீ குடியுங்கள், ருசி பார்க்காதீர்கள். வெளியே குளிரில் நடந்துவிட்டு வந்த உடனேயும் வேண்டாம். மூக்கு பழைய நிலைக்கு வரக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

கைவசம் வேண்டியவை: சின்னத் தராசு, உட்புறம் வெள்ளையாக உள்ள ஒரே அளவுக் கோப்பைகள் இரண்டு அல்லது மூன்று, கோப்பையை மூட மூடி அல்லது சாசர், வடிகட்டி, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு ட்வீசர் (சின்ன இடுக்கி). ட்வீசர் எதற்கு என்பது பிறகு தெரியும்.

படி 1: லேபிளைப் படியுங்கள்

பெரும்பாலான நாடுகளில் சேர்மானங்களை எடை வரிசைப்படிதான் அச்சிட வேண்டும். தேயிலை முதலில் இருந்தால் சரி. முதல் இடத்தில் பட்டையோ இஞ்சியோ இருந்தால், நீங்கள் வாங்கியது கொஞ்சம் தேயிலை சேர்த்த மசாலா. அது மோசம் என்று சொல்லவில்லை, எதிர்பார்ப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, "மணமூட்டி" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மணமூட்டிய தேயிலை தயாரிக்கும் முறை எளிது. சுழலும் உருளையில் தேயிலையைப் போட்டு, மணமுள்ள எண்ணெயையோ கரைசலையோ அதன் மேல் தெளித்துப் புரட்டுவார்கள். தேயிலை வாசனையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். பட்டைத் துண்டுகளும் தோல் சீவல்களும் கடைசியில் சேரும். ஆகவே கோப்பையில் வரும் பட்டை மணம் அந்தத் துண்டிலிருந்து வந்ததா, தெளித்த எண்ணெயிலிருந்து வந்ததா என்பது பார்வைக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, 6ஆம் படியில் வருகிறது.

எந்தத் தேயிலை என்று எழுதியிருந்தால் பெரிய உதவி. அஸ்ஸாம் தேயிலைக்கு மால்ட் (முளைகட்டி வறுத்த பார்லி) போன்ற கனத்த சுவை; கிராம்பு, சுக்கு, மிளகு எதைச் சேர்த்தாலும் தாங்கும். இலங்கையின் உயர்மலைத் தேயிலைகளுக்கு விறுவிறுப்பு உண்டு, ஆரஞ்சு, எலுமிச்சை மணங்களோடு நன்றாகப் போகும். டார்ஜிலிங்கில் அக்டோபர், நவம்பரில் பறிக்கும் இலையுதிர்காலத் தேயிலை மென்மையானது. செம்பு நிறச் சாறு, பழுத்த பழத்தின் சாயல். பருவப் பொருத்தம் பார்த்து அதில் மசாலாவை அள்ளிப் போட்டால் தேயிலை காணாமல் போய்விடும் என்பது என் கருத்து. அப்படிப்பட்ட இலையைத் தனியாகக் குடிப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

படி 2: தட்டில் கொட்டிப் பாருங்கள்

முதலில் டப்பாவைச் சாய்த்து மெதுவாக உருட்டுங்கள். நீளமான இலை மேலே நிற்கும். கனமான கிராம்பும் உடைந்த இஞ்சியும் பொடியும் அடியில் இறங்கிக் கிடக்கும். உருட்டாமல் மேலாக அள்ளினால் டப்பாவின் முதல் வாரம் ஒரு டீயாகவும் கடைசி வாரம் வேறொரு டீயாகவும் இருக்கும். குலுக்க வேண்டாம், இலை உடையும்.

ஒரு பெரிய கரண்டி அளவு வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். இலை முறுக்கி நீளமாக இருக்கிறதா, நொறுங்கியிருக்கிறதா, தூளா? அளவு ஒரே மாதிரி இருக்கிறதா? பொன்னிற மொட்டுகள் தெரிந்தால் இளந்தளிர் சேர்ந்திருக்கிறது. தூள் அதிகமாக இருந்தால் துவர்ப்பு வேகமாக இறங்கும், நேரத்தைக் குறைக்க வேண்டிவரும்.

மசாலாத் துண்டுகளையும் விட்டுவிடாதீர்கள். கிராம்பை நகத்தால் அழுத்தினால் லேசாக எண்ணெய் கசிய வேண்டும். கசியாவிட்டால் அது வெறும் குச்சி. ஏலக்காய் உடைக்காமல் முழுதாக இருந்தால் நாலைந்து நிமிடத்தில் அது ஒன்றும் தராது, மணம் முழுக்க உள்ளேயுள்ள விதையில்தான் இருக்கிறது. பட்டை மெல்லிய ஏடுகளாகச் சுருண்டு எளிதில் நொறுங்கினால் இலங்கைப் பட்டை. தடித்து, கட்டையாக, ஒரே சுருளாக இருந்தால் பெரும்பாலும் காசியா வகை. காசியாவில் காரமும் வீச்சும் அதிகம், இலங்கைப் பட்டையில் இனிமை அதிகம். சாமந்தி இதழ்களோ, கார்ன்பிளவர் என்ற நீலப் பூவின் இதழ்களோ கிடந்தால் ரசித்துக்கொள்ளுங்கள். அவை கண்ணுக்கு மட்டும்தான்.

படி 3: இலையைச் சூடாக்கி முகருங்கள்

குளிர்ந்த பொருளிலிருந்து மணம் தரும் மூலக்கூறுகள் குறைவாகவே ஆவியாகும். அதனால் இலையுதிர்காலத்தில் டப்பாவுக்குள் மூக்கை விட்டு முடிவு சொல்வது நியாயமில்லை. கோப்பையில் வெந்நீர் ஊற்றி, கொட்டி, நன்றாகத் துடையுங்கள். அந்தச் சூட்டிலேயே உலர்ந்த தேயிலையைப் போட்டு மூடி ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு மூடியை லேசாக விலக்கி, சின்னச் சின்ன மூச்சாக முகருங்கள். ஒரே நீள மூச்சாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துவிடும்.

முதல் மூச்சில் கிடைப்பது பெரும்பாலும் ஆரஞ்சு, எலுமிச்சை, பெர்கமாட் போன்றவை. அவற்றின் மணப்பொருள்கள் எளிதில் பறந்துவிடக்கூடியவை. பட்டையும் ஏலமும் அடுத்து வரும். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி முகர்ந்தால்தான் தேயிலை தலைகாட்டும்: மால்ட், உலர்ந்த மரம், வறுத்த வாசம், தேன், இப்படி ஏதாவது. மிட்டாய் வாசனை, சோப்பு வாசனை என்று தோன்றினால் அதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: தண்ணீர், எடை, நேரம்

ருசி பார்ப்பதற்கான டீயை எப்படித் தயாரிப்பது என்பதற்குச் சர்வதேசத் தரமே உண்டு. ஐஎஸ்ஓ 3103 என்று பெயர், 1980இல் வந்தது. 100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிநீர், 6 நிமிடம். இதே முறையை ஆறு பக்க விதிமுறையாக எழுதியதற்காகப் பிரிட்டிஷ் தர நிறுவனத்துக்கு 1999இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசும் கிடைத்தது. அந்த முறையின் நோக்கம் சுவையான டீ இல்லை. ஒரு தேயிலையை இன்னொன்றோடு ஒப்பிடுவதுதான். 6 நிமிடத்தில் குறைகள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

மசாலாத் தேயிலைக்கு இதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். எடையில் ஒரு பங்கு பட்டையும் இஞ்சியுமாகப் போய்விடுவதால் 100 மி.லி.க்கு 2.5 கிராம், அதாவது 200 மி.லி. கோப்பைக்கு 5 கிராம் போடுங்கள். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. ஒரு கரண்டியில் பஞ்சுபோன்ற இலை வரும், அடுத்ததில் நாலு கிராம்பு வரும். தராசு கேட்டது இதற்காகத்தான்.

தண்ணீர் நன்றாகக் கொதிக்க வேண்டும். பச்சைத் தேயிலைக்குச் சொல்லும் 80 டிகிரிக் கணக்கெல்லாம் இதற்கு வேண்டாம். பிளாக் டீயும் மசாலாவும் கொதிநீரைத் தாங்கும், கேட்கவும் செய்யும். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரை நிமிடம் கூட ஊறவிடுங்கள். கடின நீரில் போட்ட டீயின் மேல் பளபளவென்று ஒரு படலம் மிதக்கும், சுவையும் மங்கும். அதைத் தேயிலையின் குறை என்று எழுதிவிட வேண்டாம். உப்பு குறைந்த வடிகட்டிய நீர் நல்லது. ஊறும்போது கட்டாயம் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் மணம் அறைக்குப் போய்விடும்.

இப்போது முக்கியமான விஷயம். தேயிலையிலிருந்து சாறு வேகமாக இறங்கும், மசாலாத் துண்டுகளிலிருந்து மெதுவாக. ஒரே கோப்பையில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. அதனால் சூடாக்கிய இரண்டு கோப்பைகளில் ஒரே எடை தேயிலை போட்டு, ஒன்றை 3 நிமிடத்திலும் மற்றதை 6 நிமிடத்திலும் வடிகட்டுங்கள். 3 நிமிடக் கோப்பையிலேயே மசாலா பலமாக அடித்தால் தெளித்த மணமூட்டி வேலை செய்கிறது, அல்லது மசாலா பொடியாக இருக்கிறது என்று அர்த்தம். 6 நிமிடத்தில் நாக்கு உலரும் அளவுக்குத் துவர்ப்பு வந்து மசாலாவை அமுக்கினால் அந்தக் கலவை குறைந்த நேரத்துக்கானது.

வடிகட்டியதும் குடிக்க அவசரப்பட வேண்டாம். மூடியின் உட்புறத்தை முகருங்கள். ஆவியோடு ஏறிய மணம் அங்கே தெளிவாக ஒட்டியிருக்கும். அப்புறம் ஊறிய இலையை முகருங்கள். எண்ணெய்ப் பூச்சு பாதி கரைந்துபோய், தேயிலையின் சொந்த வாசம் முதல்முறையாக வெளிப்படுவது இங்கேதான். இலையின் நிறம் பளிச்சென்ற செம்பா, மங்கிய கரும்பழுப்பா என்பதையும் பாருங்கள். செம்பு நிறம் நல்ல அறிகுறி.

படி 5: வாயில் வைப்பது

கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் சூடுதான் தெரியும், சுவை தெரியாது. அதோடு, 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்கள் குடிப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கட்டும். உதட்டில் வைத்தால் சுடாமல் கதகதப்பாக இருக்க வேண்டும். குளிர் நாளில் அதற்கு அதிக நேரம் ஆகாது.

கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சுங்கள். பக்கத்தில் யாராவது முறைத்தாலும் பரவாயில்லை, தொழில்முறையில் ருசி பார்ப்பவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். காற்றோடு சேர்ந்து டீ துளித்துளியாகச் சிதறி, வாய்க்குப் பின்வழியாக மணம் மூக்குக்கு ஏறும். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தப் பின்வாசல் மணம்தான்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு சோதனை உண்டு. மசாலா டீயில் இதைவிடப் பயனுள்ள பயிற்சி எனக்குத் தெரியவில்லை. மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஒரு வாய் எடுங்கள். விழுங்காமல் இரண்டு, மூன்று வினாடி வைத்திருங்கள். பட்டை காணாமல் போயிருக்கும். ஏலம் இல்லை, ஆரஞ்சு இல்லை, வெனிலா இருந்ததற்கு அடையாளமே இல்லை. மிஞ்சுவது கசப்பு, துவர்ப்பு, இனிப்பு, கொஞ்சம் காரம், சூடு. இப்போது விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள். மணமெல்லாம் ஒரே நொடியில் திரும்பி வரும். மூக்கைப் பிடித்திருந்தபோது வாயில் இருந்ததுதான் இந்த டீயின் எலும்புக்கூடு. அது வெறும் வெந்நீர்போல் சப்பென்று இருந்தால், மேலே எவ்வளவு மணம் இருந்தாலும் அடியில் தேயிலை இல்லை.

அந்த எலும்புக்கூட்டில் எதைக் கவனிப்பது? துவர்ப்பு ஒரு தொடு உணர்வு. தேயிலையின் பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டு இழுப்பதுபோல் இருக்கும். நல்ல தேயிலையில் அது சுருக்கென்று வந்து போய்விடும், உடனே வாயில் எச்சில் ஊறும். மோசமானதில் பல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கும். காரத்திலும் வகை இருக்கிறது. மிளகுக் காரம் நாக்கில் குத்தும். சுக்குக் காரம் தொண்டையில் இறங்கி மெதுவாகச் சூடேறும். இஞ்சி உலரும்போது அதன் காரப்பொருளான ஜிஞ்சரால் இன்னும் காரமான ஷோகாலாக மாறுவதால் சுக்குக்குப் பச்சை இஞ்சியைவிட வீரியம் கூடுதல். பட்டைக்கும் லேசான எரிச்சல் உண்டு. கிராம்பின் யூஜினால் நாக்கைச் சற்று மரத்துப்போகச் செய்யும். ஏலக்காயின் சினியோல் சூடான டீக்குள்ளும் ஒரு குளிர்ச்சியைத் தரும், மூச்சை உள்ளே இழுக்கும்போது அது நன்றாகத் தெரியும்.

சர்க்கரை போடாமலே விழுங்கிய பிறகு இனிப்பு தாமதமாக வந்து நெடுநேரம் நின்றால் அதிமதுரத்தைச் சந்தேகியுங்கள். பல மசாலாக் கலவைகளில் அது இருக்கும். சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பு உடையது. தேயிலையின் குறைகளை நன்றாக மூடி மறைக்கும். அதிகமாக எடுத்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், அந்தத் தொந்தரவு உள்ளவர்கள் லேபிளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரே சூட்டில் ருசி பார்த்து நிறுத்தாதீர்கள். கதகதப்பில் ஒருமுறை, வெதுவெதுப்பில் ஒருமுறை, முழுக்க ஆறியபின் ஒருமுறை. ஆறிய டீ பொய் சொல்லாது. மேலோட்ட மணங்கள் பறந்தபின் நிற்பது கிராம்பும் தேயிலையும் மட்டும்தான். செயற்கை வெனிலா போட்டிருந்தால் அதன் தித்திப்பு இந்த நிலையில்தான் திகட்டும். ஆறும்போது டீ கலங்கினால் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். காஃபினும், தேயிலைக்கு நிறம் தரும் தியாஃப்ளேவின்களும் ஒன்றோடொன்று சேர்ந்து சாற்றிலிருந்து பிரிவதால் வரும் கலங்கல் அது, சாறு திடமான தேயிலை என்பதற்கு அடையாளம்.

படி 6: ட்வீசர் சோதனை

பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். 10 கிராம் கலவையைத் தட்டில் கொட்டி, ட்வீசரால் மசாலாத் துண்டுகளை ஒரு பக்கமும் இலையை மறுபக்கமும் பிரியுங்கள். பொடியைப் பிரிக்க முடியாது, விட்டுவிடுங்கள். இலை எத்தனை கிராம், மசாலா எத்தனை கிராம் என்று எடை போட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இப்போது மூன்று கோப்பைகள்: முழுக் கலவை, பிரித்த இலை மட்டும், பிரித்த மசாலா மட்டும். பிரித்தவற்றில் எது எவ்வளவு இருந்ததோ அதே விகிதத்தில் போடுங்கள். மூன்றுக்கும் ஒரே அளவு தண்ணீர், 4 நிமிடம்.

இலைக் கோப்பையில் பட்டை மணம் லேசாக இருந்தால் பக்கத்தில் கிடந்த துண்டிலிருந்து ஒட்டியிருக்கும். ஆனால் இலைக் கோப்பை முழுக் கலவையைப் போலவே மணக்க, மசாலாக் கோப்பை மட்டும் நிறம் மாறிய வெந்நீராக நின்றால், மணம் முழுக்கத் தெளித்தது, துண்டுகள் அலங்காரம். ஆரஞ்சு, ஆப்பிள், வெனிலா கலவைகளில் இது மிகவும் சகஜம். உலர்ந்த ஆப்பிள் துண்டு நாலு நிமிடத்தில் கோப்பை நிறைய ஆப்பிள் மணம் தராது. இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். மணமூட்டிய தேயிலை என்றால் அப்படித்தான். ஆனால் துண்டுகளின் அழகுக்காக அதிக விலை கொடுக்கிறோமா என்று யோசிக்கலாம்.

படி 7: இரண்டாவது முறை ஊற்றுங்கள்

3 நிமிடக் கோப்பையின் இலையைத் தூக்கிப் போடாமல் மீண்டும் கொதிநீர் ஊற்றி 7 அல்லது 8 நிமிடம் மூடி வையுங்கள். பூசிய மணம் பெரும்பாலும் முதல் தண்ணீரோடு போயிருக்கும். உண்மையான மசாலா இருந்தால் இப்போதுதான் அது நனைந்து, ஊறி, முழுச் சுவையைத் தரும். சுக்கும் கிராம்பும் முதல் தடவையைவிட இரண்டாவதில் அதிகமாகத் தெரிவதும் உண்டு. இரண்டாவது கோப்பை வெளிறி ஒன்றுமில்லாமல் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 8: பால், சர்க்கரை

முதலில் வெறும் டீ, கடைசியில்தான் பால். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு அடங்கும். அப்படி அடங்கியபின்னும் டீயின் சுவை நிற்கிறதா என்பதுதான் சோதனை. நின்றால் தேயிலை கனமானது. ஆரஞ்சு மணக் கலவைகள் பாலோடு ஒத்துப்போவது அபூர்வம். செம்பருத்தி கலந்திருந்தால் பாலை மறந்துவிடுங்கள், அதன் புளிப்பில் திரிந்துவிடும். சர்க்கரை கால் கரண்டி போட்டுப் பாருங்கள். பட்டையும் வெனிலாவும் திடீரென்று பெரிதாகத் தெரியும்.

குறிப்பு எழுதும்போது

"நல்ல மணம், நல்ல சுவை" என்று எழுதினால் அடுத்த மாதம் அது உங்களுக்கே உதவாது. எது எப்போது வந்தது, எது எப்போது போனது என்ற வரிசையில் எழுதுங்கள். உதாரணமாக: "5 கிராம், 200 மி.லி., 3 நிமிடம். முதலில் ஆரஞ்சுத் தோல், இரண்டு வாய்க்குள் போய்விட்டது. நடுவில் பட்டை, இனிப்பாக. மூக்கைப் பிடித்தால் மெல்லிய துவர்ப்பு, தொண்டையில் சுக்கு. ஆறியபின் கிராம்பு கசக்கிறது, தேயிலை தெரிகிறது ஆனால் மெலிவு. இரண்டாவது ஊற்றில் சுக்கு மட்டும்." இவ்வளவு போதும். நட்சத்திரமும் மதிப்பெண்ணும் தேவையில்லை.

இந்தக் குறிப்பே அடுத்த கோப்பையை எப்படிப் போடுவது என்றும் சொல்லும். கிராம்பு கசந்தால் நேரத்தைக் குறையுங்கள், அல்லது டப்பாவிலிருந்தே சில கிராம்புகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். தேயிலை மெலிந்திருந்தால், மணமூட்டாத அஸ்ஸாம் தேயிலையை மூன்றில் ஒரு பங்கு கலந்து பாருங்கள்; மசாலா தூக்கலான மலிவுக் கலவைகள் பல இதனால் தேறிவிடும். மிட்டாய் வாசனை பொறுக்க முடியாவிட்டால் கொதிநீரை ஊற்றிப் பத்து வினாடியில் வடித்துக் கொட்டிவிட்டு, பிறகு போடுங்கள். பூச்சு கொஞ்சம் இறங்கியிருக்கும்.

வைத்திருப்பது

காற்றுப் புகாத, வெளிச்சம் படாத டப்பா. மற்றத் தேயிலைகளிலிருந்து தள்ளி வையுங்கள். கிராம்பு மணம் ஒட்டிய தேயிலையை மீட்க வழியே இல்லை. மெருகிடாத மண் குடுவையில் மசாலா டீ போட வேண்டாம், அதன் பிறகு அதில் எதைப் போட்டாலும் மசாலா வாசம் வரும். துணி வடிகட்டிக்கும் இதே கதிதான்.

திறந்த தேதியை டப்பாவின் அடியில் எழுதி ஒட்டுங்கள். முதலில் போவது ஆரஞ்சும் எலுமிச்சையும். பட்டையும் கிராம்பும் மாதக்கணக்கில் தாங்கும். இலையுதிர்காலத் தொடக்கத்தில் வாங்கியதைக் குளிர்காலத்தில் மறுபடி இதே எடையில், இதே நேரத்தில் போட்டுப் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். மணம் குறைந்து தேயிலை முன்னே வந்திருந்தால் கலவை சரியானது, அடுத்த வருடமும் வாங்கலாம். மணம் போனதோடு எல்லாமே போயிருந்தால் மிச்சத்தைப் பாலும் சர்க்கரையும் போட்டுச் சீக்கிரம் குடித்துத் தீர்த்துவிடுங்கள்.